பின்னால் கூப்பிடக்கூடாது

மலை ஏறப் போகிறவர்கள் புதுச் சப்பாத்துப் போடக்கூடாது. வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு கிழமையாவது வீட்டுக்குள் போட்டு நடந்து காலுக்குப் பழக்க வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. 1995 ஆகஸ்டில் நான் புதுச் சப்பாத்தோடு போய், குதிக்கால் இரண்டும் கொப்பளித்து, ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் பத்து நாள் செருப்போடுதான் நடந்தேன். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். மச்சானைத் தேடி மலையெல்லாம் அலைந்த கால் என்று நினைத்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை.

இங்கே எனக்கு ஒரு பேனையும் கோடு போட்ட கொப்பியும் தந்திருக்கிறார்கள். தமிழில் எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் மாற்றுவார் என்றார்கள். அந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. ஆனால் தாய்மாமன் என்றால் யார், சாமத்திய வீடு என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். பொலிஸ்காரருக்கு அதைச் சொல்லி முடிக்கவே அரைநாள் போயிருக்கும்.

என் பெயர் தில்லையம்பலம். வயது நாற்பத்தேழு. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் மனைவி பாலேஸ்வரியோடும் மகள் துவாரகாவோடும் இருக்கிறேன். ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் பிடித்துக்கொண்டு வரவுமில்லை. இன்று காலை பஸ் எடுத்து நானாகத்தான் வந்தேன்.

செத்துப்போனவன் வாகீசன், பாலேஸ்வரியின் தம்பி. நல்ல மனிதன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏதோ கெட்டவன் ஒருவனைப் பழிவாங்கினேன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. அவன் குடிகாரனாகவோ பொய்க்காரனாகவோ இருந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்திராது. என் மகளே அவனை விட்டு விலகியிருப்பாள்.

நான் 1986இல் நாட்டை விட்டு வெளிக்கிடும்போது துவாரகாவுக்கு நாலு வயது. அவளும் தாயும் இங்கே வந்து சேர ஏழு வருடம் எடுத்தது. அந்த ஏழு வருடமும் நான் பகலில் தொழிற்சாலையிலும் பின்னேரத்தில் ஒரு உணவுக்கடையிலும் நின்றேன். மாதம் ஒருமுறை ஒரு கசெற்றில் என் குரலைப் பதிந்து அனுப்புவேன். பிள்ளைக்குக் கதை சொல்லுவேன், தேவாரம் சொல்லிக் கொடுப்பேன், இங்கே பனி எப்படிக் கொட்டுகிறது என்று சொல்வேன். அந்த ஏழு வருடமும் அவளைத் தூக்கித் திரிந்தவன் வாகீசன். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தபோது சாரத்தைக் கிழித்து அவளைத் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டவன் அவன். கொழும்பில் லொட்ஜில் இருந்தபோது நான் ரெலிபோன் எடுத்தால் அவள் இரண்டு சொல் கதைத்துவிட்டு, "மாமாட்டக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

காத்திருந்தவன் பெண்சாதியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி சொல்வார்கள். என் விஷயத்தில் பெண்சாதி அல்ல, பிள்ளை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று நான் விமான நிலையத்துக்குப் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். துவாரகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்: "அங்கிள், அப்பா வரேல்லையோ?"

நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாலேஸ்வரி அதை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பகிடியாகச் சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த வருட இலையுதிர் காலத்திலேயே வாகீசனும் வந்துவிட்டான். அகதியாக வந்து, எங்கள் கட்டிடத்திலேயே எட்டாம் மாடியில் ஒரு அறை எடுத்தான். ஊரில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவன் இங்கே ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தான். துவாரகா பள்ளிக்கூடத்தால் வந்ததும் லிப்டில் பதினோராம் மாடிக்கு வரமாட்டாள், எட்டிலே இறங்கிவிடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர் கையெழுத்துக் கேட்டு ஏதாவது கடதாசி வந்தால் அதை முதலில் அவனிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருவாள். அவன் குழப்படி எதுவும் செய்யவில்லை. "அப்பாட்டப் போய்க் கேள், அப்பாதான் கையெழுத்து வைக்கவேணும்" என்று சொல்லித்தான் அனுப்புவான். அவன் சொல்லி அவள் என்னிடம் வருவது, அவள் வராமலே இருப்பதைவிடக் கேவலமாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு சொல் தேடத் தேவையில்லை, பொறாமைதான்.

1995 சித்திரையில் துவாரகா பெரியபிள்ளையானாள். ஆனி மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தோம். உங்களுக்குத் தெரியும், அந்த நாளில் தகப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை. பால் அறுகு வைப்பது மாமன், தண்ணீர் வார்ப்பது மாமன், தேங்காய் உடைப்பது மாமன். தகப்பன் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்க வேண்டும். முறை அதுதான், அதை நான் மறுக்கவில்லை. பிறகு வீடியோ கசெற் வந்தது. மூன்று மணித்தியால வீடியோவில் நான் மூன்று இடத்தில் வருகிறேன். ஒன்றில் கதிரை தூக்கிக்கொண்டு போகிறேன். அந்தக் கசெற்றை நான் பல தடவை போட்டுப் பார்த்தேன். வாகீசன் அவளுடைய தலையில் தண்ணீர் வார்க்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் அந்த இடத்தில் கசெற் தேய்ந்து கோடு விழுந்துவிட்டது.

அவன் அவளுக்குக் கொடுத்த பரிசு ஒரு கடித உறை. உள்ளே கல்கரிக்குப் போய்வர எங்கள் நாலு பேருக்கும் விமான ரிக்கற். மலையைக் காட்டுகிறேன் என்று கொழும்பிலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம். என்ன வாக்கு, எப்போது கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வருடங்களில் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று தெரியாமல் நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஆகஸ்டில் நாங்கள் அந்தக் கணவாய்க்குப் போனோம். பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். பூங்காக் கந்தோரில் தந்த துண்டுப் பிரசுரத்தில் நடுத்தரமான பாதை என்று போட்டிருந்தது. போகவர பதினாலு கிலோமீற்றர். காட்டுக்குள்ளால் ஏறி, புல்வெளியைக் கடந்து, கல்லுச் சரிவில் கணவாய்க்குப் போய், மறுபக்கம் இறங்கினால் ஏரி. குளிர் உடுப்புக் கொண்டுபோக வேண்டும், ஆபத்து வந்தால் மூன்று தரம் ஊத ஒரு விசில் வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. வாகீசன் எல்லாவற்றையும் வாசித்து, கடையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விசில் வாங்கினான். நான் சப்பாத்து வாங்கினேன்.

காலையில் கார் தரிப்பிடத்தில் பாலேஸ்வரி ரொட்டியையும் சம்பலையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாகீசன் முதல் ஆளாக வெளிக்கிட்டுப் பாதையில் கால் வைத்துவிட்டான். அப்போது துவாரகா காரின் பின்சீற்றில் விசிலைக் கண்டு, "மாமா, மாமா" என்று பின்னால் கூப்பிட்டாள்.

தாய் அவளைப் பேசினாள். "போற ஆளைப் பின்னாலை கூப்பிடுறதே பிள்ளை? எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்." முகம் கறுத்துவிட்டது பாலேஸ்வரிக்கு. வாகீசன் திரும்பி வந்து, சகுனத்துக்குக் கனடா இன்னும் விசா கொடுக்கவில்லை என்று அக்காவைப் பகிடி பண்ணினான். ஆனாலும் அவளுடைய மனதுக்காகக் காரின் பின்பக்கத்தில் கொஞ்சம் குந்தியிருந்து, துவாரகாவின் போத்தலில் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடி வெளிக்கிட்டான். ஊரில் செய்கிற பரிகாரம் அதுதானே. பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

புல்வெளிக்கு வந்ததும் பாலேஸ்வரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கே ஓடைக்கரையில் ஒரு மரவாங்கு இருந்தது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இதிலேயே இருக்கிறேன் என்றாள். மூன்று பேராக மேலே ஏறினோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னுக்கு, நான் பின்னுக்கு. என் குதிக்கால் அப்போதே உரிய ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் நான் பார்த்ததெல்லாம் அவர்களுடைய முதுகைத்தான். கல்லுக்குள்ளிருந்து பூனையைவிடப் பெரிய, கொழுத்த ஒரு பிராணி எழுந்து நின்று விசில் அடித்தது. வாகீசன் அதன் பெயரைச் சொல்லி, அது தன் இனத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிறது என்று விளங்கப்படுத்தினான். துவாரகா அவன் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினாள். பிராணி பதிலுக்கு ஊதியது. அவள் சிரித்த சிரிப்பு மலையெல்லாம் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிபோலக் கணவாய்க்கு வந்தோம். நல்ல காற்று. மேற்கிலிருந்து முகில் இறங்கி வந்துகொண்டிருந்தது. துவாரகாவுக்குக் குளிர் பிடித்தது. நான் என் ஜக்கற்றைக் கழற்ற முன்பே வாகீசன் தன்னுடையதைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். ஏரி அங்கிருந்து தெரியவில்லை. முகிலுக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேலாது, நான் போய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றான். ஐம்பது அடி தள்ளிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவன் வலது பக்கம் போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பிழையான பாதை. பின்னால் கூப்பிட்டிருக்கலாம். காலையில் ஒருமுறை கூப்பிட்டாயிற்று, இரண்டாம் முறையும் கூப்பிடக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

இவ்வளவு மட்டும் எழுதினால் இதைக் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம்முடைய ஆட்கள் தலையாட்டுவார்கள். உண்மையும்கூட. நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான். ஆனால் முழுவதையும் எழுதத்தான் வந்தேன்.

நாங்கள் கணவாய்க்கு வந்ததும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கல்லில் குந்தியிருந்து ரொட்டி சாப்பிட்டார்கள். நான் சலம் பெய்ய மறைவு தேடிக் கொஞ்சம் இறங்கிப் போனேன். பாதை பிரிகிற இடத்தை அப்போதே கண்டேன். இடது பக்கம் சின்னச் சின்னக் கற்குவியல்களாக அடையாளம் வைத்திருந்தார்கள். வலது பக்கம் பாதை அகலமாக, வடிவாக இருந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு பலகை காற்றுக்கு விழுந்து முகம்குப்புறக் கிடந்தது. நான் அதைப் புரட்டி வாசித்தேன். முன்னுக்குப் பாதை இடிந்து போய்விட்டது, போகவேண்டாம் என்று எழுதியிருந்தது. பிறகு அதை இருந்தபடியே குப்புற வைத்துவிட்டேன். எந்தப் பொருளையும் எடுத்த இடத்தில் வைப்பது என்னுடைய பழக்கம், தொழிற்சாலையில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் நான் ஒன்றும் நினைத்திருக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது அவள் அவனுடைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கைப்பகுதிக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்து அவளுடைய வாயில் வைத்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஏழு வருடம் நான் ஊட்டாத சோறு முழுவதும் எனக்கு அந்த ஒரு துண்டு ரொட்டியில் தெரிந்தது.

அவன் எழும்பி என் பக்கம் வந்து, அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று கேட்டான். "அத்தான், நீங்கள் இறங்கிப் பாத்தனீங்கள்தானே. எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்தான் நல்ல பாதையாக் கிடக்கு" என்றேன்.

"சரி. போட்டு வாறன்."

அவன் போனான். நல்ல பாதையாகக் கிடந்தது என்பது பொய் அல்ல, முதல் நூறு அடிக்கு அது மிக நல்ல பாதை. முகில் அவனை மூடியது. கொஞ்ச நேரத்தில் கற்கள் சரிகிற சத்தம் கேட்டது. மலையில் கற்கள் எப்போதும் சரிந்துகொண்டுதான் இருக்கும். துவாரகா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு ரொட்டியைச் சாப்பிட்டாள்.

நான் சப்பாத்து நூலை அவிழ்த்துக் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அரைமணித்தியாலம் போயிருக்கும். கீழே இருந்து விசில் கேட்டது. மூன்று தரம். நிறுத்தி, மறுபடி மூன்று தரம்.

"அப்பா, உது மாமான்ரை விசில்" என்றாள் துவாரகா.

"இல்லைப் பிள்ளை, உது அந்தப் பிராணி. வரேக்கையும் கேட்டதெல்லே."

அவள் தலையைச் சரித்துக் காது கொடுத்துக் கேட்டாள். என்னை நம்புவதா வேண்டாமா என்று அவளுடைய முகத்தில் ஓடியது. அவள் வந்து இரண்டரை வருடத்தில் அப்படி என்னுடைய சொல்லை நிறுத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. வழமையாக அவள் அதை நிறுக்கவே மாட்டாள், மாமாவிடம் கேட்டுவிடுவாள். கடைசியில் ஓம் என்று தலையாட்டினாள். என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. மாமா நேரே ஏரிக்குப் போயிருப்பார், நாங்களும் போவோம் என்று சொல்லி அவளை எழுப்பினேன். இடது பக்கப் பாதையால் இறங்கினோம்.

ஏரியைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. முகிலுக்குக் கீழே வந்ததும் வெயில் இருந்தது. பச்சையும் நீலமுமில்லாத ஒரு நிறத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு சனமும் இல்லை. மாமாவைக் காணவில்லை என்று துவாரகா தேடினாள். படம் எடுக்க மேலே முகட்டுப் பக்கம் ஏறியிருப்பார், வருவார் என்றேன். அவள் அதையும் நம்பினாள். சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தேன். அவள் பக்கத்தில் வந்து இருந்து, கால் புண்ணைப் பார்த்துவிட்டு, தன்னுடைய கைலேஞ்சியை நனைத்து என் குதிக்காலைச் சுற்றிக் கட்டினாள். நான் கேட்காமல்.

கட்டிக்கொண்டே அவள் ஒரு கதை சொன்னாள். கொழும்பில் ஊரடங்கு நாட்களில் மாமா அவளுக்கு ஒரு படம் கீறிக் கொடுப்பாராம். மலை, நடுவிலே ஒரு கணவாய், அங்கால் ஒரு ஏரி. ஏரிக்கரையில் ஒரு ஆள் நிற்பாராம். அது யார் என்று கேட்டால், அதுதான் உன்னுடைய அப்பா, நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்வாராம். "அதாலைதான் மாமா இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தவர். நீங்கள் ஏரிக்கரையிலை நிக்கிறதை எனக்குக் காட்டவேணுமாம்."

நான் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த நேரத்தில் திரும்பிப் போயிருந்தால் அவனை உயிரோடு எடுத்திருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். என் மகள் என் கால்மாட்டில் இருந்து, நான் நிற்கிற படத்தைப் பற்றி எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எழும்ப மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மணித்தியாலம் ஒன்று இல்லை.

திரும்பிக் கணவாய்க்கு ஏறும்போது மூன்றரை மணி. விசில் அப்போதும் கேட்டது. மூன்றாக அல்ல, ஒன்று, பிறகு நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. காற்றும் கூடிவிட்டது. துவாரகா களைத்துப்போய் நடந்துகொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டதோ தெரியாது. நான் அவளோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டு விரைவாக நடந்தேன். கல்லுச் சரிவில் அவள் தானாக என் கையைப் பிடித்தாள்.

பாலேஸ்வரி எங்களைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி தம்பி எங்கே என்பதுதான். பின்னால் வருவான் என்றேன். ஆறு மணி வரைக்கும் கார் தரிப்பிடத்தில் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் பூங்காக் கந்தோருக்குப் போனோம். அவர்கள் நல்ல மனிதர்கள், உடனேயே ஆட்களைச் சேர்த்தார்கள். எந்தப் பக்கம் போனார் என்று வரைபடத்தை விரித்துக் கேட்டார்கள். ஏரிக்கு மேலே இருக்கிற முகட்டைக் காட்டினேன். அன்று பின்னேரமும் அடுத்த நாள் முழுவதும் முகட்டில்தான் தேடினார்கள். நாயைக் கொண்டுவந்த பிறகு, மூன்றாம் நாள் மத்தியானம், வலது பக்கப் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு கால் முறிந்திருந்தது. காலால் சாகவில்லை, குளிரால்தான் செத்தான் என்று டொக்டர் சொன்னார். மேலே ஒரு சேட்டுத்தான் போட்டிருந்தான். முதல் நாள் இரவு தாண்டி, அடுத்த நாள் வெயில் ஏறும் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கலாம் என்றார். ஆங்கிலத்தில் சொன்னதைப் பாலேஸ்வரிக்குத் தமிழில் சொன்னது நான். விழுந்ததும் போய்விட்டான், ஒரு வேதனையும் இல்லையாம் என்று சொன்னேன்.

ஸ்காபரோவில் செத்த வீடு. அவனுக்கு வேறு ஆண் உறவு இங்கே இல்லாததால் கிரியை செய்ததும் நான்தான், எரிக்கும் பொத்தானை அமத்தியதும் நான்தான். வந்தவர்களில் அருள்நாயகி அன்ரி என்று எங்கள் கட்டிடத்தில் இருக்கிற ஒரு மனிசி. கெட்ட மனிசி அல்ல. பாலேஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே, வெளிக்கிடேக்கை சகுனம் பார்க்கவில்லையா, யாரும் பின்னால் கூப்பிட்டார்களா என்று கேட்டாள். பாலேஸ்வரி நிமிர்ந்து துவாரகாவை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிள்ளை அதற்குப் பிறகு ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் பின்னேரம் நான் பல்கனியில் நிற்கும்போது வந்து பக்கத்தில் நின்றாள். கீழே எக்லின்ரன் பக்கம் போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, நான் கூப்பிட்டதாலையோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வேறு யாருடைய முகத்தையும் அல்ல. உலகத்தில் அவளுக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

"நீ சின்னப்பிள்ளை" என்றேன். "உனக்குத் தெரியாதுதானே."

இந்த வசனத்தில் பொய் இல்லை. அவள் சின்னப்பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் என் சேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். மலையில் நடந்ததைவிட இதைத்தான் பெரிதாக எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். மலையில் நடந்தது ஒரு நாள். இது நாலு வருடம்.

அந்த நாலு வருடமும் அவள் என்னுடைய பிள்ளையாக இருந்தாள். பள்ளிக்கூடத்தால் நேரே பதினோராம் மாடிக்கு வந்தாள். கடதாசி எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவந்தாள். தாயின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம், தன் தம்பியைக் கொன்றவள் என்று அம்மா நினைக்கிறாளோ என்ற பயம். ஆகவே எல்லாவற்றுக்கும் அப்பாதான். தாயும் மகளும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் சுற்றி நடந்தார்கள். நடுவில் நான் இருந்தேன். சனிக்கிழமைகளில் மில்லிக்கனில் சாமான் வாங்கப் போவோம். அவள் யாரையும் பின்னால் கூப்பிடமாட்டாள். நான் கொஞ்சம் முன்னே நடந்துவிட்டால் ஓடி வந்து, என்னைத் தாண்டி, முன்னால் நின்று முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். ஒருமுறை தரிப்பிடத்தில் ஒரு சின்னப் பெடியன் பின்னால் வருகிற காரைக் காணாமல் நடந்தபோது, எல்லோரும் கத்த, இவள் மட்டும் சத்தம் போடாமல் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றாள். காரின் முன்பகுதி அவளுடைய இடுப்பில் முட்டி நின்றது. ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. நன்றாகப் படிக்கிறாள். போன மாதம் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பினாள். ரொறன்ரோவில் எத்தனையோ இருக்க, அவள் எழுதியது அல்பேட்டாவுக்கு மட்டும். பூமிசாஸ்திரம். என்ன காரணம் என்று கேட்டேன். அங்கே இருந்தால் மாமாவுக்குக் கிட்ட இருக்கலாம் என்றாள். ஒவ்வொரு ஆகஸ்டும் அந்தக் கணவாய்க்கு நடந்து போகப்போகிறாளாம். அவனுடைய திவசத்துக்கு இப்போதும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். நாலு வருடமாக அவள் என்னிடம் வந்தது, அவனைப் பற்றி அழுவதற்குத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

முன் மேசையில் இருந்த பொலிஸ்காரர், இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டார். பிள்ளை தன்னில் பிழை என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறாள், அவளை அதிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று சொன்னேன். அவர் எழும்பிப் போய் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். நீங்களும் அதையே காரணமாக எழுதுங்கள். அது சரியான காரணம்தான்.

ஆகவே சுருக்கமாக: பலகையில் எழுதியிருந்ததை வாசித்துத் தெரிந்துகொண்டு வாகீசனை வலப்பக்கம் அனுப்பியது நான். அவன் விசில் ஊதியது எனக்குக் கேட்டது, இரண்டு தடவையும் அது அவன்தான் என்று எனக்குத் தெரியும். தேடியவர்களைப் பிழையான பக்கம் அனுப்பியது நான். என் மகள் கூப்பிட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதில் கையெழுத்து வைக்கிறேன்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் மாற்றியதை அவளிடம் கொடுக்கவேண்டாம். இதை, என் கையெழுத்தில் இருப்பதை, ஒரு பக்கமும் விடாமல் கொடுங்கள். முகம் பார்த்துக் கொடுங்கள், தனியாக இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அவனை அவள் வருடத்தில் ஒரு நாள் விரதம் இருந்து நினைக்கிறாள். இதை வாசித்த பிறகு என்னை நினைக்காமல் அவளால் ஒரு நாளும் இருக்கமுடியாது.